கரையில் நின்றாலும் காசு தின்னும் விசைப்படகு!

வருமானம் இல்லாத 61 நாளில்தான் பெரிய செலவு

சென்னை, காசிமேடு:

ஏப்ரல் 15 பிறந்தால் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகளின் சத்தம் அடங்கிவிடும். ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். என்ஜின் ஓடாது, வலை இறங்காது. ஆனால் செலவு மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும்!

"சொந்தமா போட்டு வச்சிருக்காரு, அவருக்கு என்னப்பா குறைச்சல்?" என்று கேட்பவர்கள் நம்மில் பலர். கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். தலை சுற்றினால் பொறுப்பு நாம் அல்ல.

டீசல் கணக்கு

120 குதிரைச் சக்தி என்ஜின் என்று வைத்துக்கொள்ளுங்கள். முக்கால் பளுவில் ஓடினாலே மணிக்கு 17 லிட்டர் டீசல் குடிக்கும். ஒரு நாளைக்கு 20 மணி நேரம் ஓட்டம் என்றால் 340 லிட்டர். ஏழு நாள் தங்கல் தொழிலுக்கு 2,380 லிட்டர். லிட்டர் 90 ரூபாய் என்று போட்டாலும் 2 லட்சத்து 14 ஆயிரத்து 200 ரூபாய்! மீனவர்களுக்கு வரி நீக்கிய டீசல் உண்டு. ஆனால் அதற்கு ஆண்டுக்கு இத்தனை லிட்டர்தான் என்று அளவு வைத்திருக்கிறார்கள்.

டீசலோடு முடிந்ததா? பிடிக்கிற மீன் எடைக்குக் குறையாமல் ஐஸ் வேண்டும். ஆட்களுக்கு அரிசி, பருப்பு, காய்கறி, குடிதண்ணீர் வேண்டும். மீன் கிடைக்குமோ கிடைக்காதோ, இதெல்லாம் புறப்படும் முன்பே ஏற்றியாக வேண்டும்.

கையில் காசு இல்லாதவர் ஏல வியாபாரியிடம் முன்பணம் வாங்குவார். திரும்பி வந்ததும் மீனை அவர் மூலமாகத்தான் ஏலம் விட வேண்டும். கமிஷன் போகும், கடன் போகும். தொழில் செலவு கழிந்த பிறகு மிச்சத்தில் ஆட்களுக்குப் பங்கு, ஓனருக்குப் பங்கு. அறுந்த வலையும் உடைந்த என்ஜினும் ஓனர் பங்கிலேயே விடியும்.

அவசரத்தின் விலை

டீசலை மிச்சம் பிடிக்க வழி இல்லையா? இருக்கிறது. மீன் இருக்கும் இடத்துக்குப் போகும்போதும் கரைக்குத் திரும்பும்போதும் வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் போதும். அதே தூரத்துக்கு டீசல் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மிச்சமாகும். தண்ணீரில் வேகம் கொஞ்சம் கூடினாலே என்ஜின் இழுக்க வேண்டிய பளு அதைவிட அதிகமாக ஏறும்.

ஆனால் முதலில் கரை சேர்ந்த படகுக்குத்தானே ஏலத்தில் நல்ல விலை? எனவே எல்லாரும் விரட்டுகிறார்கள். கூடக் கிடைக்கிற விலையில் ஒரு பகுதி டீசல் புகையாகப் போய்விடுகிறது.

அடியில் நடக்கும் திருட்டு

உப்புத் தண்ணீர் சும்மா இருக்காது. படகின் அடியில் பாசி படரும், சிப்பி ஒட்டும். அந்த முரட்டுத் தோலோடு ஓடும் படகுக்கு டீசல் கூடுதலாக வேண்டும். மரப் படகு என்றால் பலகையைத் துளைக்கும் கடல் புழு வேறு. இரும்புப் படகு என்றால் துரு.

எல்லாவற்றையும் பார்க்கப் படகைக் கரை ஏற்றவேண்டும். தொழில் நடக்கும் நாளில் யார் ஏற்றுவார்கள்? அதனால் தடைக்காலம்தான் ஒரே வழி. தமிழ்நாட்டில் 2001-ல் 45 நாளாகத் தொடங்கிய இந்தத் தடை, 2017 முதல் 61 நாள். மீன் குஞ்சு பெருகட்டும் என்பதற்காக வந்த சட்டம், படகுக்கும் வைத்திய காலமாகிவிட்டது.

கரை ஏற்றக் கூலி. அடியைச் சுரண்டக் கூலி. பலகையைச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பார்கள். "டொக்" என்று கெட்டியாகக் கேட்டால் பிழைத்தோம். "பொத்" என்றால் பலகை மாற்ற வேண்டும். சந்துகளில் பஞ்சு திணித்துக் கலப்பத்து அடிக்க வேண்டும். மேலே ஃபைபர் பூச்சு, பாசி பிடிக்காத பெயிண்ட். புரொப்பல்லர் பக்கம் இரும்பை உப்பு அரிக்காமல் இருக்கத் துத்தநாகக் கட்டி. தனக்குப் பதிலாக அரிக்கப்பட்டுக் கரைவதற்கென்றே வைக்கும் கட்டி அது. கரைந்ததை மாற்றாவிட்டால் அடுத்து புரொப்பல்லர் கரையும்.

பிறகு என்ஜின். 250 மணி நேரத்துக்கு ஒரு தரம் ஆயில் மாற்றுவதாக வைத்துக்கொண்டால், நாளுக்கு 20 மணி ஓடும் படகுக்குப் பன்னிரண்டரை நாளில் அது வந்துவிடும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு லாரி 10 ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதற்குச் சமம் இது!

இத்தனை செலவும் எப்போது வருகிறது? ஒரு மீன்கூட விற்காத இரண்டு மாதத்தில். அரசு தரும் தடைக்கால நிவாரணம் வீட்டு அடுப்புக்கு. படகின் வயிற்றுக்கு வட்டிக்குத்தான் வாங்க வேண்டும்.

தள்ளிப் போட்டால்?

"அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று தள்ளிப் போடுகிறவர்களும் உண்டு. அங்கேதான் ஆபத்து.

பல என்ஜின்களில் கடல் தண்ணீர் இழுக்கும் பம்புக்குள் ஒரு சின்ன ரப்பர் சக்கரம் இருக்கும். அது கிழிந்தால் என்ஜினுக்குக் குளிர்ச்சி இல்லை. சூடேறி நின்றுவிடும். புரொப்பல்லர் தண்டு வெளியே போகும் இடத்தில் அடைப்பு தேய்ந்தால் படகுக்குள் தண்ணீர் ஏறும். இறைக்கும் பம்பும் பழுது என்றால் நடுக்கடலில் வாளிதான் கதி. உதவிக்கு வரும் படகும் அன்றைய தொழிலை விட்டுவிட்டுத்தான் இழுத்து வரும். எட்டுப் பத்துப் பேர் உயிர் அந்தச் சின்ன ரப்பரை நம்பித்தான்.

கரையில் இருந்தாலும் நிம்மதி கிடையாது. 2004 சுனாமியிலும், 2016 டிசம்பர் 12-ந் தேதி வர்தா புயலிலும் துறைமுகத்தில் கட்டிக் கிடந்த படகுகளே ஒன்றோடு ஒன்று மோதிச் சிதைந்தன. இன்சூரன்ஸ் இல்லாதவர் மறுபடியும் முதலில் இருந்து தொடங்க வேண்டியதுதான்.

வாங்குகிறவர் கவனத்துக்கு

மலிவாக வருகிறதே என்று பழைய படகைத் தண்ணீரில் மிதக்கும்போது பார்த்து அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். கரை ஏற்றச் சொல்லி அடியைப் பாருங்கள். பதிவுச் சான்றில் உள்ள நீளமும் என்ஜின் சக்தியும் படகோடு பொருந்துகிறதா பாருங்கள். தடைக்காலத்தில் மீன்வளத் துறை அதிகாரிகள் ஆய்வுக்கு வரும்போது மாட்டிக்கொள்ளப் போவது புது ஓனர்தான். ஒவ்வொரு தங்கல் முடிந்ததும் பழுதுக்கென்று ஒரு பங்கை முதலில் எடுத்து வைத்தால், ஏப்ரலில் வட்டிக்காரர் வாசலில் நிற்க வேண்டாம்.

ஜூன் 14 நள்ளிரவு தடை முடிந்து படகுகள் கிளம்பும். சில நாளில் வஞ்சிரமும் சங்கராவும் மார்க்கெட்டுக்கு வரும். "என்னம்மா இந்த விலை சொல்றே?" என்று நாம் பேரம் பேசுவோம். பேசலாம், தப்பில்லை. அந்த விலைக்குள் டீசலும் ஐஸும் மட்டும் இல்லை. கலப்பத்து கூலியும், இரண்டு மாத வட்டியும் இருக்கிறது.