கிளிஞ்சல் சுண்ணாம்பு

நீற்றிய சுண்ணாம்பின் வேதிப்பெயர் கால்சியம் ஹைட்ராக்சைடு. தமிழ்நாட்டில் இது பெரும்பாலும் சுண்ணாம்புக்கல்லிலிருந்து வருகிறது. கொச்சியின் பள்ளுருத்தி, மட்டாஞ்சேரிப் பக்கங்களில் வேம்பநாட்டுக் காயலின் மட்டி ஓடுகளே இதன் பழைய மூலப்பொருள்.

ஓட்டின் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். காளவாயில் சுமார் 900 டிகிரி செல்சியசில் சுட்டால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி, 100 கிலோ தூய கார்பனேட் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பாகச் சுருங்கும். அதன் மேல் தண்ணீர் தெளித்ததும் கட்டிகள் சீறி, ஆவி விட்டு, உப்பி வெடித்து, வெண்பொடியாக உதிரும். ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பு நீறும்போது எழும் வெப்பம் மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. நீற்றுபவர் எட்டி நிற்பதும் கண்ணைக் காத்துக்கொள்வதும் இதனால்தான்.

நீற்றிய சுண்ணாம்பு தண்ணீரில் அதிகம் கரையாது: லிட்டருக்கு ஏறக்குறைய 1.7 கிராம்தான். சூடாக்கினால் இன்னும் குறையும். சர்க்கரைக்கும் உப்புக்கும் நேர்மாறான, வியப்புக்குரிய குணம் இது. ஆனாலும் கரைந்த அந்தச் சிறு அளவே தெளிந்த நீரின் பி.எச். மதிப்பை 12.4 வரை ஏற்றிவிடும். ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரில் துளி சுண்ணாம்பு பட்டதும் செக்கச்சிவப்பாவது இந்தக் காரத்தன்மையால்தான்.

சுவரில் பூசிய சாந்து முதலில் ஈரம் உலர்ந்து கெட்டிப்படும். பிறகு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை மெல்ல இழுத்து, மீண்டும் கால்சியம் கார்பனேட்டாக இறுகும். இந்த மாற்றம் மேற்பரப்பில் தொடங்கி உள்ளே போவதால் தடித்த சுவரில் ஆண்டுக்கணக்கில் நீடிக்கும். போர்ச்சுக்கீசியர் 1555 வாக்கில் கட்டிக்கொடுத்த மட்டாஞ்சேரி அரண்மனையின் இராமாயணச் சுவரோவியங்களைத் தாங்கி நிற்பது சுண்ணாம்புப் பூச்சுதான். கேரள மரபில் இளநீர் கலந்த சுண்ணாம்பைப் பல முறை மெலிதாகப் பூசி, உலர்ந்தபின்பே வண்ணம் தீட்டுவார்கள்.

கொச்சியைச் சுற்றியுள்ள பொக்காளி நெல்வயல்களிலும் கெட்டு எனப்படும் இறால் குளங்களிலும் சுண்ணாம்புக்கு வேறு வேலை. நீர் வடித்துக் காயவிட்ட சேற்றில் உள்ள இரும்பு சல்பைடு காற்றுப் பட்டுக் கந்தக அமிலமாகிறது. சுண்ணாம்பு அந்த அமிலத்தை முறித்து ஜிப்சமாக்குகிறது. அளவு மீறினால் கேடு: நீரின் பி.எச். 9-ஐத் தாண்டும்போது தீங்கு குறைந்த அம்மோனியம், நச்சான அம்மோனியாவாக மாறி இறாலின் செவுளைத் தாக்கும். ஆகவே குளம் வற்றியிருக்கையில் மண்ணைச் சோதித்துச் சுண்ணாம்பு இட்டு, நீர் பாய்ச்சி, பி.எச். இறங்கிய பிறகே குஞ்சுகளை விடவேண்டும்.