விசைப்பலகையில் தமிழ் கற்கும் நியூ ஜெர்ஸிச் சிறார்கள்

அமெரிக்காவின் நியூ ஜெர்ஸி மாநிலத்தில், சாமர்செட் கவுன்டியில் அமைந்துள்ள பிரிட்ஜ்வாட்டர், அங்குள்ள வெங்கடேஸ்வரர் ஆலயத்தினால் தென்னிந்தியர்கள் பலருக்கும் அறிமுகமான ஊர். தகவல் தொழில்நுட்பம், மருந்து உற்பத்தி போன்ற துறைகளில் பணியாற்ற வந்த தமிழ்க் குடும்பங்கள் இப்பகுதியில் கணிசமாக வாழ்கின்றன. இக்குடும்பங்களின் பிள்ளைகள் தமிழ் எழுத்தைக் கற்பது பெரும்பாலும் தன்னார்வலர்கள் நடத்தும் வார இறுதிப் பள்ளிகளில்தான்.

வாரத்தில் ஒருநாள், சில மணி நேரம். எஞ்சிய நாட்களில் தமிழுடனான தொடர்பைக் காப்பாற்றும் பொறுப்பு கணினியிடமும் கைத்தொலைபேசியிடமும் ஒப்படைக்கப்படுகிறது. அவற்றால் அது முடியுமா என்பதுதான் கேள்வி.

இது பெற்றோரின் மொழிப்பற்று சார்ந்த விடயம் மட்டுமல்ல. நியூ ஜெர்ஸியில் உயர்நிலைப் பள்ளிக் கல்வியை நிறைவுசெய்ய, உலக மொழியொன்றில் 5 பாட மதிப்பலகுகள் பெற வேண்டும் அல்லது அம்மொழியில் போதிய தேர்ச்சி இருப்பதை நிரூபிக்க வேண்டும். இருமொழித் தேர்ச்சி பெற்ற மாணவருக்கு முத்திரைச் சான்று வழங்கும் சட்டமும் அம்மாநிலத்தில் 2016ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. தமிழுக்கும் இதற்கான கணினிவழித் தேர்வுகள் உள்ளன. இத்தகைய தேர்வுகளில் எழுத்துப் பகுதிக்கான விடை பெரும்பாலும் தட்டச்சு செய்யப்படுகிறது. ஆகவே, தமிழில் தட்டச்சத் தெரியாத மாணவர், மொழி தெரிந்தும் பின்தங்க நேரிடலாம்.

பள்ளியும் பல்லியும்

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. ஆங்கில எழுத்துக்களின் ஒலியை வைத்துத் தமிழைத் தட்டச்சும் முறையே அமெரிக்கத் தமிழ்ச் சிறார்களுக்கு எளிதானது. அவர்களின் பெற்றோரில் பலரும் அதையே பயன்படுத்துகின்றனர். ஆனால் ஆங்கிலத்தில் 'ல' ஒலிக்கு ஓர் எழுத்துதான். பள்ளி என்று எழுத முனையும் குழந்தைக்குத் திரையில் பல்லியும் பள்ளியும் அடுத்தடுத்து வந்து நிற்கின்றன. மனம், மணம் என்பவற்றிலும் இதே குழப்பம்தான். சரியான சொல்லைத் தெரிவுசெய்வது வேறு, அதை நினைவிலிருந்து எழுதுவது வேறு. முதலாவதை மட்டுமே பழகும் குழந்தை, தாளும் பென்சிலும் கொடுத்தால் தடுமாறுவது இயல்பே.

சென்னையில் 1999இல் நடைபெற்ற தமிழ்நெட் 99 மாநாட்டை அடுத்துத் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட 'தமிழ் 99' விசைப்பலகை இதற்கு மாற்றாக முன்வைக்கப்படுகிறது. அதில் உயிரெழுத்துக்கள் இடப்புறமும் மெய்யெழுத்துக்கள் வலப்புறமும் அமைந்துள்ளன. 'அம்மா' என்று எழுத அ, ம, ம, ஆ ஆகிய நான்கு விசைகள் போதும். முதல் மகரத்துக்குப் புள்ளி தானாகவே விழுந்துவிடும். உயிர்மெய் எவ்வாறு பிறக்கிறது என்ற பாடத்தை விரல்களே படித்துவிடுகின்றன எனலாம். (க் உடன் ஆ சேர்ந்தால் கா என்பது இலக்கணம், விசைப்பலகையிலோ க உடன் ஆ. இந்த வேறுபாட்டை ஆசிரியர்தான் விளக்க வேண்டும்.)

மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் மென்பொருளின் வழிவந்த தமிழ் உள்ளீட்டு முறைகள் 2013ஆம் ஆண்டு ஐபோனில் இடம்பெற்றன. 'தமிழ் 99', ஒலிவழி முறையான 'அஞ்சல்' ஆகிய இரண்டுமே அதில் உண்டு. எனவே இன்றைய தடை மென்பொருள் இல்லாமை அல்ல. பழக்கமும் ஏற்பாடும்தான் தடை. அமெரிக்கக் கடைகளில் கிடைக்கும் கணினிகளின் விசைகளில் தமிழ் எழுத்துக்கள் இருப்பதில்லை. பகல்நேரப் பள்ளி வழங்கும் குரோம்புக் கணினிகளின் அமைப்பை மாற்றும் அதிகாரமும் பெரும்பாலும் அப்பள்ளியின் நிர்வாகத்திடமே இருக்கிறது.

இணையத்தின் வரவு

புலம்பெயர்ந்தோருக்கு இணையம்வழித் தமிழ் கற்பிக்கும் முயற்சி புதிதல்ல. பேராசிரியர் வா. செ. குழந்தைசாமியின் தலைமையில், தமிழ்நாடு அரசின் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் 2001 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. மழலைக்கல்வி முதல் இளநிலைப் பட்டம் வரை அது பாடங்களை வழங்கியது. இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என்ற பெயரில் இயங்குகிறது. அக்காலத்தில் பாடத்தைத் திறப்பதற்கு முன் அதற்குரிய எழுத்துருவைத் தரவிறக்க வேண்டியிருந்தது. ஒரே மொழிக்குப் பல குறியேற்றங்கள் இருந்த நிலை, ஒருங்குறி பரவலான பின்னரே மாறியது. தமிழ்நாடு அரசு 2010இல் அதனை ஏற்றுக்கொண்டது.

கொரோனா பெருந்தொற்றினால் நியூ ஜெர்ஸிப் பள்ளிகள் 2020 மார்ச் 18ஆம் தேதி மூடப்பட்டன. வார இறுதித் தமிழ் வகுப்புகளும் திரைக்கு இடம்பெயர்ந்தன. தொலைவு தடையில்லாமற்போனது நன்மைதான். ஆனால் எழுதும் கை ஆசிரியரின் கண்ணுக்குத் தெரியவில்லை. எழுதி முடித்த தாளின் படம் மட்டுமே வந்து சேர்ந்தது. 'இ' எழுதும் குழந்தை எங்கே தொடங்கி எப்படிச் சுழிக்கிறது என்பதைப் படம் காட்டாது.

கூகுளின் மொழிபெயர்ப்புச் சேவையில் 2011இல் தமிழ் சேர்க்கப்பட்டது. 2022இன் இறுதியில் உரையாடும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் பரவத் தொடங்கின. இவை எழுதித் தரும் வீட்டுப்பாடத்தை அடையாளம் காண்பது பல நேரங்களில் கடினமல்ல. வீட்டில் "ஸ்கூலுக்குப் போனேன்" என்று பேசும் எட்டு வயதுக் குழந்தையின் தாளில் "பாடசாலைக்குச் சென்றிருந்தேன்" என்ற வாக்கியம் தனித்துத் தெரியும்.

பேச்சுக்கும் எழுத்துக்கும் இடையிலான இந்த இடைவெளியை இயந்திரம் உருவாக்கவில்லை. அது தமிழின் இயல்பு. தமிழ் ஆட்சிமொழியாக உள்ள சிங்கப்பூரில் வகுப்பறையில் பேச்சுத் தமிழுக்கும் இடமளிக்கப்படுகிறது. வாய்மொழித் தேர்வில் ஒளிக்காட்சியொன்றைப் பார்த்து மாணவர் உரையாடுகிறார். நியூ ஜெர்ஸியிலோ மதுரைக் குடும்பத்துப் பிள்ளையும் யாழ்ப்பாணக் குடும்பத்துப் பிள்ளையும் ஒரே வகுப்பில் அமரக்கூடும். இருவரின் பேச்சையும் ஏற்பதா, பொதுவான ஒன்றைக் கற்பிப்பதா என்பதை அந்தந்தப் பள்ளியின் ஆசிரியர்களே தீர்மானிக்க வேண்டியுள்ளது.

கணினிவழித் தேர்விலும் பேச்சுப் பகுதி உண்டு. அங்கே விசைப்பலகையும் இல்லை, சொற்பட்டியலும் இல்லை. ஒலிவாங்கியின் முன் மாணவர் தாமாகவே பேசிப் பதிவு செய்ய வேண்டும்.