ஜெய்சல்மேரை விரலால் மூடுங்கள்

பிளஸ் டூ பிள்ளைகளுக்கு, புதுச்சேரி முத்தியால்பேட்டையில் புள்ளியியல் டியூஷன் எடுக்கிறேன். சிதறல் விளக்கப்படம் வந்தால், விளம்பரச் செலவு, விற்பனை என்று உப்புச் சப்பில்லாத கணக்கை ஒதுக்கிவிட்டு மழையை எடுத்துக்கொள்வேன். அதற்கு வழி காட்டியவர்கள் உள்ளூர்க்காரர்கள்தான். செயின்ட் லூயி வீதியில் 1955 முதல் இயங்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் லெக்ரி, மெஹர்-ஹோம்ஜி போன்றவர்கள் இந்தியக் காடுகளை வரைபடமாக்கியபோது, ஆண்டு மழையோடு வறண்ட மாதங்களையும் எண்ணினார்கள்.

வறண்ட மாதம் எது? கோசன் என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் எளிய விதி வைத்திருக்கிறார். மாத மழை மில்லிமீட்டரில், சராசரி வெப்பநிலையின் இரு மடங்கைத் தாண்டாவிட்டால் அது வறண்ட மாதம். மே மாதம் நமக்கு 31 டிகிரி என்றால் 62 மி.மீ.க்கு மேல் பெய்ய வேண்டும். எங்கே பெய்கிறது!

கிராஃப் தாளில் கிடை அச்சு ஆண்டு மழை, குத்தச்சு வறண்ட மாதங்கள். ஜெய்சல்மேர் சுமார் 200 மி.மீ., அநேகமாக வருஷம் பூராவும் வறட்சி: இடது மேல் மூலை. மாஹே 3,000-க்கும் மேல், 4 மாதம்: வலது கீழே. நடுவில் புதுச்சேரி 1,300, 6 மாதம். திருவனந்தபுரம் 1,800, 3 மாதம். மும்பை 2,200, 7 மாதம். எல்லாம் தோராயக் கணக்குதான்.

"மழை கூடினா வறட்சி குறையுது, எதிரிடை ஒட்டுறவு சார்" என்பார்கள். ஜெய்சல்மேரை விரலால் மூடச் சொல்வேன். சரிவு பெயருக்குத்தான் மிஞ்சும். ஒதுங்கி நிற்கும் ஒற்றைப் புள்ளிக்கு மொத்தப் படத்தையும் தன் பக்கம் இழுக்கும் வலு உண்டு. ஒட்டுறவுக் கெழுவை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியாது.

நம்மைவிட 900 மி.மீ. அதிகம் பெய்யும் மும்பையில் வறட்சியும் ஒரு மாதம் அதிகம். அங்கே ஜூனில் கொட்டத் தொடங்கி அக்டோபரோடு முடிந்துவிடுகிறது. இதே நிறுவனத்தின் ழான்-பியேர் பாஸ்கால் மேற்குத் தொடர்ச்சி மலையின் தட்பவெப்பத்தை 1982-இல் விளக்கினார். மலையைத் தாண்டிக் கிழக்கே வரவர மழை குறைகிறது. வடக்கே போகப்போக வறண்ட காலம் நீள்கிறது. இரண்டுக்கும் காரணம் வேறு.

"அப்போ மழைக்குப் பதிலா அட்சரேகையப் போட்டா?" என்றாள் ஒரு மாணவி. போட்டோம். திருவனந்தபுரம், மாஹே, மும்பை மூன்றும் ஒழுங்காக ஏறின. மாஹேக்கு நேர் கிழக்கே, ஏறக்குறைய அதே 12 டிகிரியில் இருக்கும் புதுச்சேரி மட்டும் இரண்டு மாதம் மேலே நின்றது. நமக்கு முக்கியமானது வடகிழக்குப் பருவமழை. கிழக்குக் கரைக்கு வேறு நிறப் பென்சில் வேண்டும்.