புற்றுநோய்ப் பரவலும் செயற்கைப் பெப்டைடுகளும்

புற்றுநோயால் நேரும் இறப்புகளுள் பெரும்பாலானவை முதலில் தோன்றிய கட்டியால் நேர்வன அல்ல. அக்கட்டியினின்று பிரிந்த உயிரணுக்கள் குருதி வழியே சென்று நுரையீரல், கல்லீரல், எலும்பு முதலிய உறுப்புகளில் குடியேறுவதாலேயே நேர்கின்றன. ஆதலின், இப்பரவலைத் தடுக்கும் வழி யாது என்பதே மருத்துவ அறிவியலின் முன்னுள்ள பெருவினாவாகும்.

1889ஆம் ஆண்டிலேயே ஆங்கில மருத்துவர் ஸ்டீபன் பேஜட், புற்றணுவை விதைக்கும் அது சேரும் உறுப்பை நிலத்துக்கும் ஒப்பிட்டார். விதை முளைக்க முதலில் நிலத்தைப் பற்ற வேண்டுமன்றோ? உயிரணுவின் புறத்தே இன்டெக்ரின் என்னும் புரதங்கள் கைகள்போல் அமைந்துள்ளன. இவை திசுக்களிலுள்ள பைப்ரோநெக்டின் முதலிய புரதங்களைப் பற்றிக்கொள்கின்றன. பைப்ரோநெக்டின் 2,000க்கும் மேற்பட்ட அமினோ அமிலங்களால் ஆன நெடுஞ்சங்கிலி. ஆயினும் கை பற்றும் இடத்தின் உயிர்நிலை ஆர்ஜினின், கிளைசின், அஸ்பார்டிக் அமிலம் என்னும் மூன்றே கண்ணிகள் என்பதை 1984இல் பியர்ஷ்பாக்கரும் ருவோஸ்லாட்டியும் கண்டறிந்தனர்.

அம்மூன்றையும் உள்ளடக்கிய சிறு சங்கிலியைச் செயற்கையாக ஆக்கினால் என்ன நிகழும்? 1986இல் ஹம்ப்ரீஸ், ஓல்டன், யமாடா ஆகியோர் ஐந்து அமினோ அமிலங்கள் கொண்ட பெப்டைடை மெலனோமா புற்றணுக்களுடன் சேர்த்துச் சுண்டெலிகளின் குருதியில் செலுத்தினர். நுரையீரலில் தோன்றிய புற்றுக் குடியிருப்புகள் பெரிதும் குறைந்தன. கைகள் முன்னரே பெப்டைடைப் பற்றியிருந்தமையால் திசுவைப் பற்ற இயலவில்லை என்பதே இதற்குக் காரணமாகக் கொள்ளப்பட்டது.

எனினும், இத்தகைய சிறு பெப்டைடு உடலில் நெடுநேரம் நிலைப்பதில்லை. இக்குறையைப் போக்க ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஹார்ஸ்ட் கெஸ்லர் குழுவினர் சங்கிலியை வளையமாக்கிச் சிலெஞ்சிடைடு என்னும் மருந்தை உருவாக்கினர். கிளையோபிளாஸ்டோமா என்னும் மூளைப் புற்றுநோயுற்ற 545 பேரிடம் நிகழ்ந்த ஆய்வின் முடிவு 2014இல் வெளியாயிற்று. வழக்கமான சிகிச்சையுடன் மருந்தும் பெற்றோர், அதனைப் பெறாதோர் ஆகிய இரு பிரிவினருக்கும் இடைநிலை வாழ்நாள் 26.3 மாதங்களே. சுண்டெலியில் கண்ட வெற்றி மனிதரில் கைகூடவில்லை. ஒரு வழியை அடைத்தால் புற்றணு மறுவழி தேடும் இயல்பினது.

ஆயின் பெப்டைடு ஆராய்ச்சி அத்துடன் நின்றுவிடவில்லை. புற்றணுவைத் தேடிச் சென்று பற்றும் அதன் ஆற்றலையே மருந்தைச் சுமக்கும் தூதாக அறிஞர் பயன்படுத்தினர். கதிரியக்க லுட்டீசியத்தைச் சுமந்து செல்லும் எட்டு அமினோ அமிலப் பெப்டைடு மருந்து, செரிமான மண்டலத்தின் நரம்பு நாளமில்லாச் சுரப்பிக் கட்டிகளுக்காக 2018இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அது பரவிய நோயின் வளர்ச்சியைத் தாமதப்படுத்துவது ஆய்வில் உறுதிப்பட்டது.

விலங்கில் கண்ட வெற்றியை நோயாளியின் நலம் என்று அவசரப்பட்டுக் கொள்ளலாகாது; ஒரு தோல்வியால் முயற்சியைக் கைவிடலும் ஆகாது. வேதியியலும் உயிரியலும் பயிலும் மாணவர்கள் நெஞ்சில் நிறுத்த வேண்டிய பாடம் இது. பரவுமுன் நோயைக் கண்டறிதலே இன்றும் நம் கையிலுள்ள வலிய காப்பாகும்.