பிராக்டிக்கலுக்கு மாநகர் மன்றம் போகலாமா?

‘மாநகர் மன்றத்துக்கு பிராக்டிக்கல் போனால் மூன்று மாதமும் போட்டோகாபிதான் எடுக்கணுமாம்’ என்று பினாங்கில் பல்கலைக்கழகப் பிள்ளைகள் பேசிக்கொள்கிறார்கள். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் இடம் கிடைத்தால் அலவன்சும் உண்டு, படித்து முடித்ததும் வேலைக்கும் வழியுண்டு என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கில் தப்பில்லை, வீட்டு நிலைமை அவரவருக்குத்தான் தெரியும். ஆனால் பயிற்சிக்கு எங்கே போகலாம் என்று என்னிடம் கேட்டாய் அல்லவா? மன்றத்துக்குப் போ என்றுதான் சொல்வேன். ஏன் என்று சொல்லக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். தே தாரிக் வந்துவிட்டது, உட்காரம்மா.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள். உனக்கு 18 வயதானதுமே நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் ஓட்டுப் போடும் உரிமை வந்துவிட்டது. 2019-இல் அரசியலமைப்பைத் திருத்தி, 2021 டிசம்பரில் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். ஆனால் உன் வாசலில் குப்பை அள்ளுவது யார், பக்கத்து மனையில் எத்தனை மாடி எழும்பலாம், எந்த முனையில் நாசி கண்டார் கடை போடலாம் என்றெல்லாம் முடிவு செய்யும் மன்றத்துக்கு நீயும் ஓட்டுப் போட முடியாது, நானும் போட முடியாது.

எப்போதுமே இப்படி இருக்கவில்லை. 1951 டிசம்பரில் ஜார்ஜ் டவுன் மக்கள் தங்கள் நகராண்மைக்கு ஓட்டுப் போட்டார்கள். மலாயாக் கூட்டரசு பார்த்த முதல் தேர்தல் அதுதான். சுதந்திரம் வர அப்போது இன்னும் ஆறு வருஷம் இருந்தது. 1957 ஜனவரி 1-ஆம் தேதி ஜார்ஜ் டவுன் மாநகரமானபோது முதல் மேயராக உட்கார்ந்தவர் தொழிற்கட்சியைச் சேர்ந்த டி. எஸ். ராமநாதன். அவர் பெயரில் இங்கே ஒரு சாலை இருக்கிறது. அந்தப் பெயர்ப்பலகையைத் தினமும் தாண்டிப் போகிற நம் பிள்ளைகளில் பலருக்கு அவர் யாரென்று தெரியாதது எனக்கு வருத்தம்தான்.

1965-இல் இந்தோனேசியாவோடு மோதல் நடந்துகொண்டிருந்த சமயத்தில், அவசரகால விதியைக் காட்டி ஊராட்சித் தேர்தல்களை நிறுத்தி வைத்தார்கள். அதே வருஷம் அரச விசாரணை ஆணையம் ஒன்றும் அமைத்தார்கள். அதற்குத் தலைவர் செனட்டர் ஆதி நாகப்பன், அவரும் தமிழர். ஊர் ஊராக விசாரித்து, 1968-இல் கொடுத்த அறிக்கையில், தேர்தலைத் திரும்பக் கொண்டு வாருங்கள் என்றுதான் ஆணையம் பரிந்துரைத்தது. அரசாங்கம் ஏற்கவில்லை. 1976-ஆம் வருஷத்து உள்ளாட்சிச் சட்டம் தேர்தல் கதவை ஒரேயடியாகச் சாத்திவிட்டது. அதன்படி மேயரையும், 8-க்குக் குறையாமல் 24-க்கு மிகாமல் உறுப்பினர்களையும் மாநில அரசே நியமிக்கும். பினாங்கு அரசு 2012-இல் தனிச்சட்டம் இயற்றித் தேர்தலை மீட்க முயன்றது. மாநிலத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்று 2014-இல் கூட்டரசு நீதிமன்றம் சொல்லிவிட்டது.

நான் இதை நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஓட்டு இருக்கிற ஊரில் மன்றத்தின் வேலை புரியாதவர்கூட ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை கோபத்தைக் காட்டிவிட்டுப் போகலாம். ஓட்டு இல்லாத ஊரில், கோப்பு எப்படி நகர்கிறது என்று தெரிந்தவனுடைய பேச்சுதான் எடுபடும். அது தெரிந்தவர்கள் நம்மிடையே மிகக் குறைவு. மேம்பாட்டு நிறுவனங்களுக்குத் தெரியும், அவர்களுடைய கட்டடக் கலைஞர்களுக்கும் வழக்கறிஞர்களுக்கும் தெரியும். அடுக்குமாடியில் நாலாவது மாடியில் இருக்கிற அக்காவுக்குத் தெரியாது. மன்றத்துக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்து அந்த அக்காவுக்கு எடுத்துச் சொல்ல ஒரு மாணவியால் முடியும்.

ஒரே ஒரு புகாரை எடுத்துக்கொள்வோம். பின்சந்து வடிகால் அடைத்து, மழை வந்தால் தண்ணீர் சமையலறைக்குள் வருகிறது. அந்த அம்மா மன்றத்துக்குப் போன் போடுகிறார். எடுத்தவர் முதலில் கேட்பது, அது எந்த வடிகால் என்பதைத்தான். வீட்டோரத்துச் சின்னக் கால்வாய் என்றால் மன்றத்தின் பொறியியல் பிரிவு பார்க்கும். அது போய்ச் சேருகிற ஆறு மேடேறிக் கிடந்தால் நீர்ப்பாசன வடிகால் துறையிடம் போக வேண்டும். குழாய் உடைந்து கசிகிற தண்ணீர் என்றால் பினாங்கு நீர் விநியோகக் கழகம். யாரோ தனியார் நிலத்தில் மண்ணைக் கொட்டி வழியை அடைத்திருந்தால், நிலத்துக்காரருக்கு நோட்டீஸ் போக வேண்டும். வாசலில் நிற்கிற அம்மாவுக்கு எல்லாமே தண்ணீர்தான். தவறான துறைக்குப் போன புகார், ‘எங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டதல்ல’ என்ற ஒரு வரிப் பதிலோடு திரும்பி வரும். அத்தோடு அவர் மனம் விட்டுப்போய், மறுபடி போன் போடவே மாட்டார்.

பயிற்சிக்குப் போன பெண் இங்கேதான் பயன்படுவாள். தொழில்நுட்ப உதவியாளரோடு இடத்துக்குப் போவாள். அளவு நாடாவின் ஒரு முனையைப் பிடிப்பாள். எந்த இடத்தில் சரிவு மாறுகிறது, எந்த வீட்டுக்காரர் நீட்டிய சமையற்கட்டு வடிகால்மேல் உட்கார்ந்திருக்கிறது என்று கண்ணால் பார்ப்பாள். அந்த அம்மா தமிழில் மூச்சு விடாமல் சொன்னதை மலாயில் நாலு வரி அறிக்கையாக்குவாள். அலுவலகம் திரும்பியதும் ஒரு வருஷத்துப் புகார்களை வரைபடத்தில் ஒவ்வொன்றாகக் குறித்தால், ஒரே தெருவில் புள்ளிகள் குவிவது தெரியும். அப்படிக் குவிந்தால் பழுது அந்த வீட்டில் மட்டும் இல்லை, கீழே எங்கோ இருக்கிறது. அனுபவமுள்ள அதிகாரிகள் இதை மனதிலேயே வைத்திருப்பார்கள். வரைபடத்தில் போட்டு வைக்க அவர்களுக்கு நேரம் கிடைப்பதில்லை. போட்டோகாபி எடுக்கச் சொன்னாலும் எடு. எடுக்கிற தாளைப் படித்துக்கொண்டே எடு.

கட்டட அனுமதிக் கோப்பு இன்னும் கனமானது. 2008 ஜூலையில் ஜார்ஜ் டவுன் மலாக்காவோடு சேர்ந்து யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில் ஏறியது. ஏறிய சூட்டிலேயே, 18 மீட்டர் உயர வரம்பைத் தாண்டும் ஹோட்டல் திட்டங்களால் பெரிய சிக்கல் எழுந்தது. 2017 அக்டோபர் 21-இல் தஞ்சோங் பூங்காவில் ஒரு கட்டுமானத் தளத்தில் மண் சரிந்து 11 தொழிலாளர்கள் இறந்தார்கள். மாநில அரசு விசாரணை ஆணையம் அமைத்தது. சரிவு, மண், உயரம் என்பதெல்லாம் தாளில் வெறும் எண்கள். அந்த எண்களைக் கேள்வி கேட்கத் தெரிந்த இளையவர்கள் ஊருக்கு வேண்டும். நகரத் திட்டமிடல் படிக்கிறவர்களுக்கு மட்டும் உரிய இடம் என்று நினைக்காதே. கணக்கியல், சமூகவியல், சட்டம், தகவல் தொழில்நுட்பம் எல்லாவற்றுக்கும் அங்கே மேசை உண்டு.

‘நான் இந்த ஊர்க்காரி இல்லையே, சுங்கை பட்டாணியிலிருந்து படிக்க வந்தவள்தானே’ என்கிறாய். 1969-இல் தொடங்கிய மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சுற்றி சுங்கை டுவா எப்படி வளர்ந்திருக்கிறது என்று பார். அறை வாடகைக்கு விடுகிற வீடுகள், இரவு நெடுநேரம் திறந்திருக்கிற சாப்பாட்டுக் கடைகள், தவணை முடிகிற வாரத்தில் குப்பைத்தொட்டி ஓரத்தில் சாய்த்து வைத்த மெத்தைகள். அந்த மெத்தையைத் தூக்குவது மன்றத்து லாரி. வீட்டுக்காரர் வருஷத்துக்கு இரண்டு தவணையாகக் கட்டுகிற மதிப்பீட்டு வரியும் நீ கொடுக்கிற வாடகைக்குள்தான் அடங்கியிருக்கிறது. 2016 ஜூனிலிருந்து பினாங்கில் குப்பையை வீட்டிலேயே பிரித்துப் போட வேண்டும். மறு வருஷம் முதல் மீறுகிறவர்களுக்கு 250 வெள்ளி அபராதம். ஓர் அறையில் நாலு பேர் தங்கியிருக்கிற வீட்டில் யார் பிரிப்பது? அந்த வீட்டில் இருந்து பார்த்த மாணவி, திட்டம் போடுகிற மேசையிலும் ஒருமுறை உட்கார வேண்டும்.

வீட்டில் அப்பா பயப்படுவது எனக்கும் புரிகிறது. 1974-இல் கெடாவின் பாலிங்கில் வறுமையில் வாடிய விவசாயிகளுக்காக மாணவர்கள் தெருவில் இறங்கியதும், மறு வருஷமே பல்கலைக்கழகச் சட்டத்தை இறுக்கினார்கள். அந்தத் தலைமுறைக்கு ‘படிக்கப் போன இடத்தில் அரசியல் வேண்டாம்’ என்பது எலும்பில் ஊறியது. அந்தச் சட்டத்தை 2012-லும் 2018-லும் தளர்த்திவிட்டார்கள். அதோடு மன்றத்தில் பயிற்சி என்பது கட்சி வேலையே இல்லை. அங்கே பார்த்த கோப்பை வெளியே பேசக்கூடாது என்ற கட்டுப்பாடு இருக்கும், அதை மதித்து நடந்தால் போதும். இந்தியாவின் கேரளத்தில் ஆர்யா ராஜேந்திரன் 2020 டிசம்பரில் திருவனந்தபுரத்துக்கு மேயரானபோது அவருக்கு வயது 21, கணிதப் பட்டப்படிப்பு மாணவி. தேர்தல் இருக்கிற ஊரில் அது நடந்தது. இங்கே அந்த வழி இல்லை என்பதால்தான் பயிற்சி என்கிற இந்தச் சின்னக் கதவு எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

இங்கேயும் நல்ல முயற்சிகள் நடந்திருக்கின்றன. 2012 முதல் பினாங்கு மகளிர் மேம்பாட்டுக் கழகம் மாநிலத்தின் அப்போதைய இரண்டு நகராண்மைக் கழகங்களோடும் சேர்ந்து ஒரு முன்னோட்டத் திட்டம் நடத்தியது. ஜாலான் சுங்கை அடுக்குமாடியில் குடியிருப்பவர்களிடமே, பணத்தை எதற்குச் செலவிடலாம் என்று கேட்டு ஓட்டெடுத்தார்கள். ஆணுக்கு ஒரு தேவை, பெண்ணுக்கு ஒரு தேவை, பாட்டிக்கும் பள்ளிப் பிள்ளைக்கும் வேறு வேறு தேவை என்று பிரித்துப் பார்த்ததுதான் அதன் சிறப்பு. இப்படி ஒரு வேலைக்கு வீடு வீடாகக் கதவைத் தட்ட ஆள் வேண்டும். தமிழ்க் குடும்பம் கதவைத் திறந்தால், ‘உள்ள வாம்மா’ என்று சொல்லவைக்கிற பேச்சும் வேண்டும். அது உன்னிடம் இருக்கிறது.

விண்ணப்பத்தைப் பல்கலைக்கழகப் பயிற்சிப் பிரிவு வழியாக அனுப்பு. தவணை முடிவதற்குப் பல மாதங்கள் முன்பே அனுப்பு, இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும். எந்தப் பிரிவு வேண்டும் என்று வெளிப்படையாகவே எழுது. முதல் சில வாரம் புகார் முகப்பிடத்தில் வைக்கச் சொல்லிக் கேள், ஊர் அங்கேதான் வந்து நிற்கும். அலுவலக மலாயைத் தீட்டிக்கொள். இதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. மன்றத்தின் முழுக்கூட்டத்தில் பொதுமக்கள் உட்கார்ந்து பார்க்கலாம். மன்றமே தீர்மானம் போட்டு மூடினால் ஒழிய, அதே 1976 சட்டத்தின் 23-ஆம் பிரிவு அதை அனுமதிக்கிறது. குழுக்கூட்டங்களுக்கு அது பொருந்தாது. பாடாங் கோத்தா லாமா திடலின் ஓரத்தில் 1903-இல் கட்டிய வெள்ளை நிற மாநகர் மண்டபம் இருக்கிறது. அங்கே அடுத்த கூட்டம் எந்தத் தேதி என்று போன் போட்டுக் கேட்டுக்கொள். உன் அறைத்தோழிகளில் ஒருத்தியையாவது கூட்டிக்கொண்டு போ.