இன்ஜின் நின்றதும் கொட்ட வேண்டிய சுமை

அமெரிக்கச் சமவெளிகளில் பருத்திக்கும் மக்காச்சோளத்துக்கும் மருந்து அடிக்கும் விமானங்கள், பயிருக்கு மேல் மூன்று நான்கு மீட்டர் உயரத்தில் பறக்கின்றன. வேகமோ மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டும். மேலே பறக்கும் விமானத்தில் இன்ஜின் நின்றால், மிதந்து இறங்கியபடியே இடம் தேடிக்கொள்ளலாம். தென்னை மர உயரத்துக்கும் கீழே பறப்பவருக்கு அந்த அவகாசம் கிடையாது. கையிருப்பில் இருப்பது வேகம் மட்டுமே.

அந்த வேகத்தைக் கொடுத்து உயரத்தை வாங்கலாம். மணிக்கு 216 கி.மீ. வேகத்தில் போகிறவர் மூக்கைத் தூக்கி, வேகத்தை 144 கி.மீ.க்குக் குறைத்தால், ஏட்டுக் கணக்கில் 100 மீட்டர் உயரம் கிடைக்கும். காற்றின் தடையும், இறக்கைக்கு அடியில் நீண்டிருக்கும் தெளிப்புக் குழாய்களும் அதில் ஒரு பங்கை விழுங்கிவிடும். மிஞ்சும் உயரம் மின்கம்பியையும் மரங்களையும் தாண்டி, எதிரே ஒரு வயலைப் பிடிக்க உதவும். திரும்பி ஓடுதளத்துக்கே போய்விடலாம் என்ற ஆசைக்கு அது போதாது. வேகம் செத்த நிலையில் சரித்துத் திருப்பினால், இறக்கை தாங்காமல் விமானம் குப்புற விழும்.

மூக்கைத் தூக்கும்போதே விமானியின் கை இன்னொரு வேலையையும் முடித்தாக வேண்டும்: மருந்துத் தொட்டியின் அடிக்கதவைத் திறக்கும் நெம்புகோலைத் தள்ளுவது. டெக்சாஸ் மாநிலத்து ஓல்னி ஊரில் தயாராகும் ஏர் டிராக்டர் 802-ன் தொட்டி சுமார் 3,000 லிட்டர் பிடிக்கும். முழுச் சுமையோடு 7 டன் இருக்கும் விமானம், கதவு திறந்த சில விநாடிகளில் 4 டன்னுக்கு வந்துவிடுகிறது. இறக்கை தாங்கும் மிகக் குறைந்த வேகம் எடையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஆகவே தரையைத் தொடும் வேகம் ஏறக்குறைய கால் பங்கு குறையும். எடையும் வேகமும் சேர்ந்து குறைவதால், தரையில் மோதித் தீர்க்க வேண்டிய ஆற்றல் மூன்றில் ஒரு பங்காகிவிடும். உயிர் பிழைப்பதும் பிழைக்காததும் பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. விலை உயர்ந்த மருந்தாயிற்றே, கொட்டிய இடத்தில் பயிர் கருகுமே என்று அந்த நேரத்தில் யோசிக்கவே கூடாது. ஜன நெருக்கமான பகுதிகளின்மேல் தெளிக்கும் விமானங்கள் பாதிச் சுமையையாவது 45 விநாடிக்குள் கொட்டக்கூடியவையாக இருக்க வேண்டும் என்று அமெரிக்க விதியே உண்டு. பயிரை உரசிப் பறப்பவருக்கு 45 விநாடி என்பது ஒரு யுகம். அவர் அதற்குள் தரையில் இருப்பார்.

சுமை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதும் முக்கியம். 1921 ஆகஸ்ட் 3 அன்று ஒஹாயோ மாநிலத்தில் ஜான் மெக்ரெடி, கட்டால்ப்பா மரங்களைத் தின்ற புழுக்களின்மேல் ஈய ஆர்சனேட் பொடியைத் தூவினார். விமானத்திலிருந்து பூச்சிமருந்து போட்ட முதல் முயற்சி அது. அவர் ஓட்டியது ராணுவப் பயிற்சி விமானமான கர்ட்டிஸ் ஜென்னி. தொட்டியைப் பக்கவாட்டில் மாட்டியிருந்தார்கள். அதன்பின் பல ஆண்டுகள், பெரும்பாலும் வேறு வேலைக்குச் செய்த விமானங்களில்தான் தொட்டியைப் பொருத்தி ஒப்பேற்றினார்கள். இதற்கென்றே விமானம் வரைந்தவர்களில் ஒருவர் ஃபிரெட் வைக். டெக்சாஸில் அவர் வடிவமைத்த ஏஜி-1, 1950-ல் பறந்தது. முதலில் இன்ஜின், அடுத்து தொட்டி, அதற்கும் பின்னால் உயரத்தில் விமானி என்ற வரிசை அதில் அமைந்தது. மோதும்போது முன்பகுதி நசுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். பாரமான எதுவும் பின்னாலிருந்து வந்து விமானியை நசுக்காது. இன்றைய மருந்து விமானங்களில் பெரும்பாலானவை இதே வரிசையில்தான் இருக்கின்றன.

இறங்கும்போது பயிர் வரிசைக்குக் குறுக்கே போகக் கூடாது, அதன் போக்கிலேயே போக வேண்டும். பயிர் உயரமாகவோ மண் ஈரமாகவோ இருந்தால் சக்கரம் சிக்கி விமானம் கவிழக்கூடும். அதற்காகவே விமானியின் தலைக்கு மேல் எஃகுச் சட்டமும், தலையில் ஹெல்மெட்டும், இரு தோள்களையும் இறுக்கும் பட்டையும். கண்ணாடிக்கு முன்னால் நிற்கும் கத்திகள் மின்கம்பியை அறுப்பதற்கு.

இன்ஜின் ஏன் நிற்கிறது? பழைய ரேடியல் இன்ஜின்களில் சிலிண்டர் உடையும். டர்பைன் வந்தபின் அந்தத் தொல்லை குறைந்தது. எரிபொருளில் தண்ணீர் கலப்பதும், எரிபொருளே தீர்ந்துபோவதும் எந்த இன்ஜினையும் நிறுத்தும். மருந்தை அதிகம் ஏற்றுவதற்காக எரிபொருளை அளந்து ஊற்றும் தொழில் இது.

மருந்துத் தொட்டியின் அடிக்கதவுக்கு இன்னொரு பிழைப்பும் உண்டு. ஏர் டிராக்டர் 802-ன் தொட்டியில் மருந்துக்குப் பதில் தண்ணீரை நிரப்பி, கதவைப் பெரிதாக்கினார்கள். ஸ்பெயினிலும் ஆஸ்திரேலியாவிலும் அது இன்று காட்டுத்தீயை அணைக்கிறது.