இரவில் தடுமாறும் நீர்ப்பாசனக் கருவி

வன்னியில் இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் முதலிய குளங்களின் நீரால் நெல் விளைகின்றது. மேட்டுநிலத்து மிளகாய், கத்தரி, வெங்காயத் தோட்டங்களோ பெரும்பாலும் கிணற்று நீரையே நம்பியுள்ளன. சிறுபோக வரட்சியில் அந்நீரை அளவாகப் பாய்ச்சுதற்கு, மண்ணின் ஈரத்தை அறிந்து வால்வைத் திறந்து மூடும் சிறு மின்னணுக் கருவிகள் இக்காலத்தில் கிடைக்கின்றன. சிறிய சூரியத்தகடும் ஒரு லிதியம் பற்றறியும் இவற்றுக்குப் போதும். கருவியின் மூளையாகிய நுண்கட்டுப்படுத்தி பெரும்பொழுது உறங்கிக் குறித்த வேளையில் மட்டும் விழிப்பதே இதற்குக் காரணமாகும்.

ஆயினும் இக்கருவி சில வேளைகளில் திடீரென நின்று, மீண்டும் முதலிலிருந்து தொடங்குவதுண்டு. வால்வு திறந்தபின் இவ்வாறு நேரின், அதை மூடவேண்டும் என்னும் நினைவு கருவிக்கு இராது. ஒரு மின்துடிப்பால் திறந்து மறு துடிப்பால் மூடும் வகை வால்வாயின், மேல்தொட்டி நீர் முழுவதும் இரவிலேயே வடிந்துவிடும். ஒரு பாத்தியில் நீர் தேங்கி வேர் அழுக, மறு பாத்தியில் பயிர் வாடும்.

காரணம்

பகலில் அளவுமானியை வைத்துப் பார்த்தால் பற்றறி நன்றாகவே தோன்றும். அப்போது கருவி உறங்குகின்றது என்பதை மறத்தலாகாது. வாய்க்காலின் தலைப்புறத்து வயல்கள் யாவும் ஒரே வேளையில் நீரெடுத்தால், கடைக்கோடி வயலில் நீர்மட்டம் தாழ்வதைக் கமக்காரர் அறிவர். வால்வு இயங்கும்போதும், கம்பியிலாச் செய்தி அனுப்பும்போதும் மின்னழுத்தம் அவ்வாறே கணப்பொழுது தாழ்கின்றது. அது குறித்த எல்லைக்குக் கீழே சென்றால், உள்ளிருக்கும் காவற்சுற்று நுண்கட்டுப்படுத்தியை மறுதொடக்கஞ் செய்துவிடும்.

ஈ.எஸ்.பி. 32 என்னும் வகைக்கு 3.3 வோல்ற்றும், குறைந்தது அரை அம்பியர் தரவல்ல மின்வழங்கலும் வேண்டும். பற்றறி 3.6 வோல்ற்றில் இருக்க, அதிலிருந்து 10 மீற்றர் தூரத்துக்கு 0.5 சதுர மில்லிமீற்றர் செப்புக்கம்பி இழுக்கப்பட்டுள்ளதெனக் கொள்வோம். போக்கும் வரவுமாக 20 மீற்றர் கம்பியின் தடை ஏறத்தாழ 0.7 ஓம் ஆகும். அரை அம்பியர் பாயும்போது 0.35 வோல்ற்று கம்பியிலேயே இழக்கப்படும். கருவிக்கு எஞ்சுவது 3.25 வோல்ற்றே.

குறையைக் கண்டறிதல்

1. வால்வைக் கழற்றிவிட்டுக் கருவியை இயக்குக. குறை நீங்கின் வால்வின் சுமையே காரணம். நீங்காவிடின், செய்தி அனுப்புதலை நிறுத்திப் பார்க்க.

2. பற்றறி மிகத் தளர்ந்திருக்கும் விடியற்காலையில், கருவி வேலை செய்யும்போதே, அதன் முனைகளில் மின்னழுத்தத்தை அளக்க. மில்லி செக்கனில் நிகழும் வீழ்ச்சி சாதாரண அளவுமானியில் தெரியாது. அதற்கு அலைவுகாட்டி வேண்டும்.

3. மறுதொடக்கத்தின் காரணத்தை நுண்கட்டுப்படுத்தியே குறித்து வைத்திருக்கும். கருவியை அமைத்தவரைக் கொண்டு அதனை வாசிப்பிக்க.

பரிகாரம்

பற்றறியைக் கருவியின் அருகில் வைத்து, தடித்த குறுங்கம்பியால் இணைத்தல் வேண்டும். துருப்பிடித்த இணைப்புக்களைச் சுத்தஞ் செய்க. நுண்கட்டுப்படுத்தியின் மின்முனைகளுக்கு அருகே 1000 மைக்ரோபரட் கொள்ளளவி ஒன்றைப் பொருத்துக. கிணற்றடித் தொட்டிபோல, திடீர்த் தேவைக்கு அது உதவும். வால்வு இயங்குதலும் செய்தி அனுப்புதலும் ஒரே வேளையில் நிகழாதவாறும், பற்றறி தளர்ந்துள்ளபோது செய்தி அனுப்பாதவாறும் ஒழுங்கு செய்வித்தல் நலம்.

மின்சாரத்தைச் சேமிக்கவோ குறையை மறைக்கவோ, கருவி விழித்திருக்கும் வேளையிற் காவற்சுற்றை நிறுத்திவிடுவது பரிகாரமன்று. தாழ்ந்த மின்னழுத்தத்தில் கருவி பிழையாக இயங்கி, சேமித்த அளவுகளையும் அழித்துவிடக்கூடும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கருவி எக்காரணத்தால் மறுதொடக்கமாயினும், முதல் வேலையாக வால்வை மூடுமாறு அமைப்பித்தல் அவசியம். பாய்ச்சாது விட்ட நீரை மறுநாள் பாய்ச்சலாம். வடிந்த நீர் மீளாது.